காவற்கூடு தெரிந்ததும் பிரேக்

பாலேஸ்வரிக்கு முதற்சந்தேகம் சப்பாத்தில் தொடங்கியது.

மற்றப் பெண்களுக்குச் சட்டைக் கொலரில் தொடங்கும், பொக்கற்றில் கிடக்கிற தியேட்டர் ரிக்கற்றில் தொடங்கும். நாகேந்திரம் அப்படித் தடயம் விட்டுப் பிடிபடுகிற ஆளே அல்ல. நாற்பத்துமூன்று வயது, ஒல்லி உடம்பு, தடித்த கண்ணாடி. பம்பலப்பிட்டியில் ஒரு கட்டடக் கலைஞரின் கந்தோரில் வரைபடம் கீறுகிற வேலை. கல்யாணமாகிப் பத்தொன்பது வருடம். பிள்ளை இல்லை. சண்டை பிடிப்பதற்கு வேண்டிய அளவு பேச்சும் அந்த மனிதரிடம் இல்லை. அப்படிப்பட்டவரின் வலது சப்பாத்து மட்டும், அதிலும் வெளி ஓரம் மட்டும், யாரோ அரத்தால் அராவியதுபோலத் தேய்ந்திருந்தது. இடது சப்பாத்து கடையில் வாங்கினபடியே இருந்தது.

ஒற்றைக் காலை இழுத்து நடக்கிற வியாதியும் அவருக்கு இல்லை. பாலேஸ்வரி பின்னால் நின்று இரண்டு நாள் பார்த்தாள். நேராகத்தான் நடந்தார்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளை எண்ணத் தொடங்கினாள். மாதத்தில் இரண்டு ஞாயிறு காலை ஆறு மணி ரயிலில் வெள்ளவத்தையிலிருந்து தெற்கே போவார். “களுத்துறைப் பக்கம் ஒரு ஹோட்டல் கட்டுறாங்கள், அளவெடுக்க வேணும்” என்பார். பின்னேரம் வரும்போது பின்கழுத்து கறுத்திருக்கும், சட்டையில் கருகிய ரப்பர் மணக்கும். முகத்தில் ஒரு வெளிச்சம் இருக்கும். அந்த வெளிச்சம்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அளவெடுத்துவிட்டு வருகிற மனிதனுக்கு எங்கிருந்து அப்படி ஒரு முகம் வரும்?

கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்காரி இரத்தினம்மா எரிகிற நெருப்பில் எண்ணெய் விட்டாள்.

“தங்கச்சி, நான் சொல்லுறன் எண்டு குறை நினையாதையும். ஞாயிற்றுக்கிழமையிலை என்ன ஒப்பீஸ்? என்ரை மனிசனும் ஒருகாலம் இப்பிடித்தான் அளவெடுத்தவர்.”

ஒரு பெண்ணாக இருந்தால் நல்லது என்று பாலேஸ்வரி நினைக்கத் தொடங்கியது இரண்டு கிழமை கழித்துத்தான். சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் தொண்ணூற்றெட்டாம் ஆண்டில், கொழும்பில், தமிழ் மனிதன் ஒருவன் மனைவிக்குப் பொய் சொல்லி எங்கேயோ போய்வருகிறான் என்றால், அந்த இடத்தில் ஒரு பெண் இருப்பதுதான் குடும்பத்துக்குப் பாதுகாப்பு. கோட்டையில் குண்டு லொறி வெடித்து இரண்டு வருடமாகியும் வீட்டில் யார் யார் படுக்கிறார்கள் என்று பொலிஸில் பதிந்த துண்டைக் கையோடு வைத்திருந்த காலம் அது.

அவளுக்குப் பயம் சும்மா வரவில்லை. மூன்று வருடத்துக்கு முன் அவளுடைய தம்பி வெளிநாடு போகவென்று வந்து கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தான். வைத்தியச் சோதனைக்குப் பொரளைக்குப் போகவேண்டும், வழி தெரியாது. நாகேந்திரம் அன்போடு ஒரு படம் கீறிக் கொடுத்தார். சந்தி, மயான மதில், பொலிஸ் சாவடி, ஆஸ்பத்திரி வாசல் எல்லாம் அளவுப் பிரமாணத்தோடு. போதாக்குறைக்கு மூலையில் வடக்குத் திசையைக் காட்டி ஒரு அம்புக்குறி. தொழிற்பழக்கம், விட முடியாது. அந்த இரவே பொலிஸார் லொட்ஜைச் சுற்றி வளைத்தார்கள். பெடியனின் சட்டைப் பையில் அந்தப் படம் இருந்தது. மூன்று மாதம் உள்ளே வைத்து அந்த அம்புக்குறியைப் பற்றியே கேட்டார்கள்.

தம்பி வெளியே வந்து கனடாவுக்கும் போய்விட்டான். ஆனால் பாலேஸ்வரி புருஷனைச் சாமிப் படத்துக்கு முன்னால் நிறுத்திச் சத்தியம் வாங்கினாள். இனி இந்த வீட்டுக்குள் ஒரு கோடு கீறக்கூடாது. கந்தோரில் கீறலாம், வீட்டில் பென்சிலே தொடக்கூடாது. தானும் அந்த வருடம் முழுவதும் கோலம் போடவில்லை.

ஆகவே, சாப்பாட்டு மேசையில் அவர் கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்ததைக் கேட்டபோது அவள் முதலில் போய் ஜன்னலைச் சாத்தினாள். புட்டும் சம்பலும் முன்னால் ஆறிக்கொண்டிருந்தன. அவருடைய கை காற்றில் எதையோ பிடித்துத் திருப்பியது. கால் மேசைக்குக் கீழே நிலத்தை அமத்தியது.

“தாங்கி… பொறு… பொறு… இப்ப.”

“ஆரோடையப்பா கதைக்கிறியள்?”

கண்ணைத் திறந்து, திருடன்போல முழித்து, “ஒண்டுமில்லை” என்று புட்டைக் குழைத்தார். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயம்.

பதில் தானாகவே வந்தது. அடுத்த ஞாயிறு அவர் ரயிலுக்குப் போன பிறகு அலுமாரித் தட்டில் விரித்திருந்த பழைய பேப்பரை மாற்றப் போனாள். பேப்பருக்கு அடியில் ஒரு சதுரக் கொப்பி இருந்தது. முதல் பக்கத்தைத் திறந்தவள் அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள்.

படம். அவருடைய கைதான், சந்தேகமே இல்லை. நீண்ட பாதை ஒன்று, பாம்புபோல ஐந்தாறு வளைவு. ‘பழைய விமான ஓடுபாதை’ என்று எழுதியிருந்தது. தண்ணீர்த் தாங்கி, முட்கம்பி வேலி, வேலியில் ஓர் இடைவெளி, காவற்கூடு, எல்லாம் இடம் தவறாமல். மூலையில் அதே வடக்கு அம்புக்குறி. சத்தியம் சாமிப் படத்தோடு போயிற்று.

அடுத்த பக்கங்களில் எழுத்து.

‘நேர்ப்பாதை, நாலாவது கியர். காவற்கூடு தெரிந்ததும் பிரேக். முந்தினால் பரவாயில்லை, பிந்தினால் எல்லாம் முடிந்தது.’

‘காவற்கூட்டைப் பார்த்துக்கொண்டே போகாதே. வேலி இடைவெளியைப் பார். கண் பார்க்கிற இடத்துக்குத்தான் வண்டி போகும்.’

‘தாங்கியடியில் அவசரம் கூடாது. மற்றவர்கள் முந்தினால் முந்தட்டும்.’

கீழே திகதிகள், நேரங்கள். 1.41. 1.36. 1.29. கடைசியாக 1.24.6. அதன் கீழே சிவப்புப் பேனையால்: ‘ஸா. சொல்கிறான், இன்னும் இரண்டு செக்கன் குறையவேணும்.’

பாலேஸ்வரி முட்டாள் அல்ல. கூட்டிப் பார்த்தாள். ஒரு விமான ஓடுபாதை, ஒரு காவற்கூடு, அதை நோக்கி ஓடுகிற ஒரு வண்டி, செக்கன் கணக்கு, கட்டளையிட ‘ஸா.’ என்று ஓர் ஆள். இந்தக் கணக்குக்கு அந்த வருடம் கொழும்பில் ஒரேயொரு விடைதான் இருந்தது. கார் ஓட்டவே தெரியாது என்று அவள் நினைத்திருந்த மனிதன்! கடவுளே, இந்த ஆளோடா இத்தனை வருடம் ஒரே பாயில் படுத்தேன் என்று மனம் அடித்துக்கொண்டது.

அவருக்கு என்ன ஆகும் என்ற நினைப்பு அதற்கு அடுத்தது. அது வந்த பிறகு வேறு நினைப்பே இல்லை. இந்தக் கொப்பி இந்த வீட்டில் இருக்கக்கூடாது.

எரித்தால் புகை போகும், இரத்தினம்மா படியேறி வருவாள். கிழித்துக் கக்கூசில் போட்டால் குழாய் அடைக்கும், அந்த வீட்டுக் குழாய்க்கு ஒரு சாட்டும் தேவையில்லை. குப்பையில் போட்டால் யார் கைக்குப் போகுமோ. மிச்சம் இருந்தது கடல். வெள்ளவத்தைச் சனங்கள் கைவிட வேண்டியதையெல்லாம் கடலுக்குத்தான் கொடுப்பார்கள். உடைந்த சாமிப் படம், காய்ந்த மாலை, கும்பத்துத் தேங்காய். பாலேஸ்வரி ஒரு பையில் காய்ந்த மாலைகளை அள்ளிப் போட்டு, கண்ணாடி வெடித்த பிள்ளையார் படத்தை வைத்து, நடுவே கொப்பியைச் செருகிக்கொண்டு மூன்று மணி வெயிலில் ஒழுங்கையில் இறங்கினாள்.

ரயில் பாதையைக் கடக்கிற இடத்தில் ஒரு சாவடி. பொலிஸ்காரப் பெண் ஒருத்தி நிற்பாள். வழக்கமாக அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டுவாள். பாலேஸ்வரியும் கல்லுப்போல முகத்தை வைத்துக்கொண்டு கடந்து போவாள். அன்றைக்கு என்ன நினைத்தாளோ, பொலிஸ்காரியைப் பார்த்துச் சிரித்தாள். இரண்டு வருடமாகச் சிரிக்காத மனுஷி பல்லெல்லாம் தெரியச் சிரித்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? பொலிஸ்காரி பையைத் திறக்கச் சொன்னாள்.

மாலை வந்தது, பிள்ளையார் வந்தார், கொப்பி வந்தது.

“மே பொத்த காகெத?” இந்தக் கொப்பி யாருடையது என்று பொலிஸ்காரி கேட்டாள்.

ரோட்டில் கிடந்தது என்று சொல்லலாம். தெரியாது என்று சொல்லலாம். ‘புருஷனுடையது’ என்ற உண்மையையும் சொல்லலாம். தம்பி வெளியே வந்த நாளில் அவனுடைய கைவிரல்கள் இருந்த கோலம் அவளுக்கு நினைவு வந்தது.

“மகே” என்றாள். என்னுடையது.

பொலிஸ் நிலையத்தில் மேசைக்குப் பின்னால் இருந்த இன்ஸ்பெக்டர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். தமிழ் வாசிக்கத் தெரிந்த சார்ஜன்ட் ஒருவர் ஒவ்வொரு வரியாக வாசித்துச் சிங்களத்தில் சொல்ல, இன்ஸ்பெக்டர் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒன்றொன்றாகக் கேட்டார். அவளும் கடைக்காரரோடு கதைத்துப் பழகிய சிங்களத்தில் பதில் சொன்னாள்.

“நீதான் கீறினாயா?”

“ஓவ், சேர்.” ஆமாம்.

“என்ன வண்டி?”

“லொறி” என்றாள். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

“ஸா. யார்?”

அவள் மேசையில் கிடந்த பிள்ளையாரைப் பார்த்தாள். இன்ஸ்பெக்டர் ஒரு வெள்ளைத் தாளையும் பென்சிலையும் தள்ளி, இதே படத்தை இன்னொருமுறை கீறு என்றார். பாலேஸ்வரி கீறினாள். நேர்க்கோடு புடலங்காய்போல வளைந்து விழுந்தது. அவர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“நீ யாரையோ மறைக்கிறாய்” என்றார் ஆறுதலாக. “மறைக்கிற ஆளை ஒரு மணித்தியாலத்தில் கொண்டுவருவேன். வீட்டு முகவரி பதிவில் இருக்கிறது.”

கொண்டுவர வேண்டியிருக்கவில்லை. அரை மணித்தியாலத்தில் நாகேந்திரமே வந்து வாசலில் நின்றார். சாவடியில் பிடித்த செய்தி இரத்தினம்மா வாயால் ஒழுங்கை முழுக்கப் போயிருந்தது. சட்டையெல்லாம் ஒயில், பின்கழுத்து கறுத்து, அந்த முகத்து வெளிச்சம் மட்டும் அணைந்துபோய். கூடவே முப்பது வயது மதிக்கத்தக்க, தாடி வைத்த ஒருவன்.

“அக்கா, பயப்படாதீங்க. நான் ஸாலிஹ். கொட்டாஞ்சேனையில கராஜ் வச்சி ஈக்கிறன்” என்றான்.

பாலேஸ்வரி அவனைப் பார்த்த பார்வையில் அவன் ஒரு அடி பின்னால் போனான். ‘ஸா.’ இவன்தானா!

“கொப்பி என்னுடையது, சேர்” என்றார் நாகேந்திரம். “அவவுக்கு ஒண்டும் தெரியாது.”

“நல்லது. இப்போது இரண்டு பேருக்குச் சொந்தம்” என்றார் இன்ஸ்பெக்டர்.

பிறகு நாகேந்திரம் தமிழில் கதைத்தார், சார்ஜன்ட் சிங்களத்தில் சொல்லிக்கொண்டு வந்தார். பத்தொன்பது வருடத்தில் அவர் ஒருமூச்சில் இவ்வளவு கதைத்துப் பாலேஸ்வரி கேட்டதில்லை.

ஸாலிஹின் கராஜுக்குக் கூரைப் படம் கீறிக் கொடுக்கப் போன இடத்தில் பழகியது. ஸாலிஹிடம் ஒரு பழைய ஒஸ்டின் மினி இருந்தது. முதுகு பழுதாகி அவனால் ஓட்ட முடியாது. களுத்துறைக்கு அப்பால் பாவிக்காத பழைய ஓடுபாதையில் மோட்டார் கழகம் ஒன்று ஞாயிறுகளில் அனுமதி எடுத்துப் பயிற்சி நடத்தும். நேரம் பிடிக்கிற ஆளாகத்தான் நாகேந்திரம் முதல் நாள் போனார். யாழ்ப்பாணத்தில் இருபது வயதில் எடுத்த லைசன்ஸ் கையில் இருந்தது, ஆசைக்கு ஒரு சுற்றுப் போனார். முதல் வளைவிலேயே பாதையை விட்டுப் புல்லுக்குள் இறங்கி, மேய்ந்துகொண்டிருந்த மாட்டுக்கு ஐந்து அடிக்கு முன்னால் நின்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

மற்றவர்களுக்குத் தைரியம் இருந்தது, தனக்கு இல்லை என்றார். அதனால் படித்தார். எங்கே பிரேக் போடுவது, எங்கே விடுவது, எங்கே திருப்புவது என்று சுற்றுக்குச் சுற்று எழுதினார். வளைவுக்குள் வேகமாகப் புகுந்தவன் வெளியே மெதுவாகத்தான் வருவான் என்று கண்டுபிடிக்க அவருக்கு எட்டு மாதம் பிடித்தது. பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் ஒரேயடியாக ரயரிடம் கேட்டால் ரயர் இரண்டையும் தராது. முதலில் வேகத்தைக் குறை, பிறகு திருப்பு, கார் நிமிர நிமிர அக்சிலேற்றரைக் கொடு. அவ்வளவுதான் வித்தை.

“காவற்கூட்டை ஏன் எழுதினாய்?” இன்ஸ்பெக்டருடைய குரல் மாறவில்லை.

“பிரேக் போட ஒரு அடையாளம் வேணும், சேர். பயிற்சி நாளிலை அடையாளப் பலகை வைக்கமாட்டாங்கள், அவரவர் தேடிக்கொள்ள வேணும். முதலில் ஒரு மாட்டை வைச்சிருந்தனான். அடுத்த சுற்றிலை மாடு வேறை இடத்திலை நிண்டுது. நேர்ப்பாதை முடியிற இடத்திலை அசையாமல் நிக்கிறது காவற்கூடு ஒண்டுதான்.”

சார்ஜன்டுக்குச் சிரிப்பு வந்தது. இன்ஸ்பெக்டருக்கு வரவில்லை. ஸாலிஹ் கழகத்தின் கடிதத்தை நீட்டினான். கடிதம் யாரும் அடிக்கலாம் என்று ஓரமாக வைத்தார். “உன்னைப் பார்த்தால் கார் ஓட்டுகிறவன் மாதிரி இல்லை” என்றார். உண்மைதான், அப்படி இல்லைத்தான். ஒயில் பட்ட சட்டையோடும் அவர் ஒரு கிளாக்கர் மாதிரியே நின்றார்.

நாகேந்திரம் சுவரோரம் கிடந்த கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“சேர், கொப்பியிலை கடைசி நேரம் ஒரு நிமிசம் இருபத்துநாலு. நான் கண்ணை மூடிக்கொண்டு இந்தக் கதிரையிலை இருந்து ஒரு சுற்றுப் போறன். நீங்கள் நேரம் பிடியுங்கோ. என்னட்டை மணிக்கூடு இல்லை, நீங்களே சோதிச்சுப் பாருங்கோ. ஒவ்வொரு நாளும் சாப்பாட்டு மேசையிலை ஓடுறனான்.”

பாலேஸ்வரிக்கு ஆறிப்போன புட்டு ஞாபகம் வந்தது.

இன்ஸ்பெக்டர் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றினார். நாகேந்திரம் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். “போறன்” என்றார்.

கைகள் காற்றில் ஸ்டியரிங்கைப் பிடித்தன. “மூண்டு… நாலு. நேர்ப்பாதை.” மூச்சு நிதானமாக வந்தது. “காவற்கூடு.” வலது பாதத்தின் உட்புறம் பிரேக்கில் அழுந்த, வெளிப்புறம் மட்டும் சரிந்து அக்சிலேற்றரைத் தட்டியது. சப்பாத்தின் வெளி ஓரம் சீமெந்து நிலத்தில் சறுக் சறுக் என்று அராவியது. பாலேஸ்வரி அந்தச் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை நாள், எத்தனை பெண்களை அந்தச் சப்பாத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்துப் பார்த்திருப்பாள்! “வேலி இடைவெளி… விடு, விடு, விடு. மூண்டு. தாங்கி… பொறு… இப்ப.” தோள் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. அவர் முகத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமை வெளிச்சம் வந்துவிட்டது, பொலிஸ் நிலையத்தில், தோளில் துவக்கு மாட்டிய அத்தனை பொலிஸ்காரருக்கு நடுவே. அதைக் கண்டதும் அவளால் அடக்க முடியவில்லை. ஒரு விம்மல் வெடித்து வந்தது.

நாகேந்திரத்தின் கை குலைந்தது. அவசரமாகத் திருப்பினார், நேராக்கினார், “முடிஞ்சுது” என்று கண்ணைத் திறந்தார்.

இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைக் கையால் மூடி வைத்திருந்தார்.

“சேர், அது பிழைச்சுப்போச்சு” என்றார் நாகேந்திரம். “கடைசி வளைவிலை மனிசி அழுதது கேட்டுது. கெதியா முடிப்பம் எண்டு உள்ளுக்கை வேகமாப் போயிட்டன். வெளியிலை வரப் பிந்திட்டுது. ஒண்டு இருபத்தேழு இருக்கும்.”

இன்ஸ்பெக்டர் கையை எடுத்தார். சார்ஜன்ட் எட்டிப் பார்த்தார். ஒன்று இருபத்தேழு.

“ஆயெத்” என்றார் இன்ஸ்பெக்டர். திரும்பவும். இந்தத் தடவை பாலேஸ்வரி முந்தானையை வாய்க்குள் அடைத்துக்கொண்டாள். ஒன்று இருபத்துநாலு.

அதன்பிறகும் அந்த மனிதர் உடனே விடவில்லை. வேலி இடைவெளியிலிருந்து தாங்கிவரை மட்டும் போ என்றார், கழகத்துக்கு ரெலிபோன் போட்டார், ஸாலிஹிடம் மினியின் நம்பரைக் கேட்டு எழுதினார். கடைசியில் கதிரையில் சாய்ந்து சார்ஜன்டிடம், “பிஸ்ஸெக்” என்றார். பைத்தியக்காரன். அந்தச் சொல்லை அவ்வளவு சந்தோஷமாகப் பாலேஸ்வரி ஒருநாளும் கேட்டதில்லை. கொப்பியை மட்டும் கொடுக்கவில்லை. காவற்கூடு இருக்கிற எந்தப் படமும் வெளியே போகாது என்று மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினார். பிள்ளையார் படத்தையும் மாலையையும் திருப்பித் தந்தார்.

ஸாலிஹ் தன் வானில் ஏற்றிக்கொண்டுபோய் விடுகிறேன் என்றான். பாலேஸ்வரி வேண்டாம் என்றாள். இரண்டு பேரும் காலி வீதியில் நடந்தார்கள். கடைகளில் விளக்குப் போடத் தொடங்கியிருந்தார்கள்.

கொஞ்சத் தூரம் அவள் திட்டிக்கொண்டே நடந்தாள். சத்தியத்தை, பொய்யை, ஹோட்டலை, வடக்கு அம்புக்குறியை, எல்லாவற்றையும் ஒழுங்காகத் திட்டினாள். அவர் பிள்ளையார் பையைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டு வந்தார். ஒரு பேக்கரிக்கு முன்னால் நின்றார்.

“இஞ்சேரும். அந்தக் கொப்பியைப் பாத்திட்டு, நீர் என்னை அப்பிடி நினைச்சனீரோ?”

குரலில் கோபம் இல்லை, நோவு இருந்தது. பத்தொன்பது வருடத்தையும் சேர்த்துக் கேட்டதுபோல இருந்தது. அவளுக்குப் பொய் சொல்ல ஒரு கணம் மனம் வந்தது. அன்றைக்குச் சொன்ன பொய்கள் போதும் என்று தோன்றியது.

“ஓம், நினைச்சனான்” என்றாள். “நினைச்சுக்கொண்டுதான் ‘மகே’ எண்டு சொன்னனான்.”